அழுதது யார் என்று கேளுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த வேகாத வெயிலில் கோல்ஃப் பற்றிக் கேட்க வந்து உட்கார்ந்திருக்கும் பொறுமைசாலிகளே, வணக்கம்.

'கோல்ஃப் விதி மாற்றங்கள் ஆட்டத்தை வளர்த்தனவா, கெடுத்தனவா' என்பது தலைப்பு. 'வளர்த்தன' என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பேசும்போது குரல் தழுதழுத்தது. 1744-இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரத்துக் கனவான்கள் வெறும் 13 விதிகள் எழுதி வைத்தார்கள், அந்தப் பொற்காலத்தைக் கெடுத்துவிட்டீர்களே என்றார். ஐயா, அந்த 13-இல் முதல் விதியை மட்டும் ஏன் படிக்காமல் விட்டீர்கள்? நான் சொல்கிறேன். ஆட்டம் தொடங்கும் பந்தை, குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் வைத்து அடிக்க வேண்டும். இன்றைக்குக் குழியைச் சுற்றியுள்ள கிரீனைக் கம்பளம் மாதிரிப் பராமரிக்கிறார்கள். அங்கே நின்று முழு வீச்சு வீசினால் புல் மண்ணோடு பெயர்ந்து வரும். அடுத்த நாள் நாற்றுதான் நடலாம்! பழைய விதி அப்படியே இருந்திருக்க வேண்டும் என்றால் முதல் விதியிலேயே ஆட்டம் முடிந்திருக்கும்.

கேரம் ஆடியவர்களுக்கு ஒன்று புரியும். உங்கள் காய்க்கும் பாக்கெட்டுக்கும் நடுவே எதிராளியின் காய் குறுக்கே கிடந்தால் வயிறு எரியும் இல்லையா? கோல்ஃபிலும் அது இருந்தது, ஸ்டைமி என்று பெயர். எதிராளியின் பந்து உங்கள் வழியை மறித்துக் கிடக்கும். இரண்டு பந்துகளுக்கும் இடையே 6 அங்குலத்துக்கு மேல் இருந்தால் 'எடுங்கள்' என்று கேட்க முடியாது. தாண்டி அடி, இல்லை சுற்றி அடி. 1952-இல் அதைத் தூக்கினார்கள். இன்றைக்கு எத்தனை பேர் ஸ்டைமியைத் திரும்பக் கொண்டு வா என்று கேட்கிறார்கள்?

அடுத்ததாக எதிரணி அம்மா ஒரு குற்றச்சாட்டு வைத்தார். ஆள் தப்பு செய்யும்போதெல்லாம் விதியை வளைத்துவிடுகிறார்கள், எல்லாம் சலுகை என்றார். நடுவர் அவர்களே, எந்த மாற்றத்தையும் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். விதிப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால், இதற்காக அழுதது யார் என்று கேட்பேன்.

1985, அமெரிக்க ஓப்பன், மிஷிகனில் ஓக்லண்ட் ஹில்ஸ் மைதானம், கடைசி நாள். தைவானைச் சேர்ந்த டி.சி. சென், மற்றவர்களைவிட நான்கு அடி குறைவாக அடித்து முன்னிலையில் நிற்கிறார். ஐந்தாவது குழி. பந்து கிரீனுக்குப் பக்கத்தில் அடர்ந்த புல்லுக்குள் கிடக்கிறது. மெதுவாகத் தூக்கிவிட நினைத்து மட்டையை இறக்குகிறார். புல் மட்டையைப் பிடித்துக்கொள்கிறது. பந்து சோம்பலாக மேலே எழும்ப, புல்லிலிருந்து விடுபட்ட மட்டை பின்னாலேயே போய் அந்தரத்தில் இன்னொரு தட்டு தட்டுகிறது. பந்து பக்கவாட்டில் தெறிக்கிறது. ஒரே வீச்சு, இரண்டு தொடுகை. அடித்ததற்கு ஒன்று, அபராதமாக ஒன்று. நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழிக்கு அவர் கணக்கில் 8 ஏறியது. முன்னிலை மொத்தமும் ஒரே குழியில் போனது. கடைசியில் ஆண்டி நார்த்திடம் தோற்றது எத்தனை அடியில் தெரியுமா? ஒரே ஓர் அடி! போதாததற்கு 'டி.சி.' என்ற எழுத்துகளை வைத்து 'டூ சிப்', அதாவது இரண்டு தட்டு, என்று பட்டப்பெயர் வேறு.

வேண்டுமென்று இரண்டு முறை தட்ட முடியுமா? சர்க்கஸ்காரனால்கூட முடியாது. அதில் அவருக்கு லாபமும் இல்லை. பந்து போகாத இடத்துக்குப் போனதே தண்டனைதான். 2019-இல் அந்த அபராதத்தை நீக்கினார்கள். தற்செயலாக இரண்டு முறை பட்டால் ஓர் அடி என்றே கணக்கு. 34 வருடம் ஆகியிருக்கிறது அம்மா. இதையா அவசரச் சலுகை என்கிறீர்கள்?

இன்னொரு அழுகை. 2017, கலிஃபோர்னியா, பெண்களுக்கான ஏ.என்.ஏ. இன்ஸ்பிரேஷன் போட்டி. அமெரிக்க வீராங்கனை லெக்ஸி தாம்சன் சனிக்கிழமை 17-ஆவது கிரீனில் பந்துக்கு அடையாளம் வைத்து எடுத்து, திரும்ப வைக்கும்போது விரற்கடை அளவு தள்ளி வைத்துவிட்டார். களத்தில் யாரும் கவனிக்கவில்லை. டிவி பார்த்த யாரோ ஒருவர் மறுநாள் மின்னஞ்சல் அனுப்புகிறார். ஞாயிற்றுக்கிழமை, 12 குழிகள் முடித்து முன்னிலையில் நடந்து வருகிறவரை நிறுத்தி, நேற்றைய தப்புக்கு நான்கு அடி அபராதம் என்கிறார்கள். இடம் மாற்றி வைத்ததற்கு இரண்டு. அந்த அபராதம் சேராத ஸ்கோர் அட்டையில் கையெழுத்துப் போட்டதற்கு இரண்டு. தனக்கே தெரியாத அபராதத்தை முந்தின நாள் அட்டையில் எப்படி எழுதுவார்? கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடி, சமன் செய்து, வெற்றியாளரை முடிவு செய்யும் கூடுதல் ஆட்டமான பிளே-ஆஃபில் தோற்றார்.

வீட்டில் காலை நீட்டி பஜ்ஜி தின்றபடி அம்பயர் வேலை பார்ப்பது நமக்கும் பழக்கம்தான். ஆனால் நாம் கத்துவது டிவியோடு நின்றுவிடும், யாரும் ஸ்கோரைத் திருத்துவதில்லை. 2018 ஜனவரியிலிருந்து, பார்வையாளர் புகாரை ஏற்பதில்லை, வீடியோவைக் கவனிக்க அதிகாரியை நியமித்துக்கொள்கிறோம் என்றார்கள். அறியாமல் விட்ட அபராதத்துக்காகக் கூடுதல் இரண்டு அடியும் போனது.

எல்லாமே சலுகை என்றால் இதற்கென்ன பதில்? தொலைந்த பந்தைத் தேட 5 நிமிடம் இருந்ததை 2019-இல் 3 நிமிடம் ஆக்கினார்கள். பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையான பட்டர், அதில் நீளமான வகையின் முனையை நெஞ்சில் ஊன்றிக்கொண்டு அடிப்பதை 2016-இல் தடுத்தார்கள். வீரர் அடிக்க நிலை எடுக்கும்போது அவருடைய மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளரான கேடி பின்னால் நின்று குறி பார்த்துச் சொல்லக் கூடாது என்றார்கள். இதெல்லாம் சலுகையா? 34 விதிகளை 24 ஆகச் சுருக்கியதும் அதே 2019-இல்தான். விதி குறைவாக இருந்த பொற்காலத்துக்கு ஏங்குகிறவர்கள் அதற்காவது கை தட்டியிருக்கலாம்.

எங்கள் பக்கத்திலும் ஓட்டை உண்டு, மறைக்கவில்லை. அந்தக் கேடி விதி வந்த மாதமே துபாயில் சீன வீரர் லி ஹாவ்டாங்குக்குக் கடைசிக் குழியில் இரண்டு அடி அபராதம். கேடி நகர்ந்துகொண்டிருந்தாரா, நின்றுகொண்டிருந்தாரா என்று ஊரே சண்டை. ஆனால் அடுத்த மாதமே விளக்கம் கொடுத்து, குறி பார்க்க உதவினால்தான் குற்றம் என்று தெளிவாக்கினார்கள். அப்புறம் அந்த முழங்கால் விவகாரம். ஆட முடியாத இடத்தில் கிடக்கும் பந்தை எடுத்து வேறிடத்தில் கையிலிருந்து விழவிட்டு ஆடுவார்கள். முன்பு அதைத் தோளுக்குப் பின்னால் போட்டார்கள், 1984-இலிருந்து தோள் உயரத்தில் கையை நீட்டிப் போட்டார்கள், இப்போது முழங்கால் உயரம். பார்க்க அழகில்லை, காசு விழுந்ததைக் குனிந்து தேடுகிற மாதிரித்தான் இருக்கிறது. பழக்கதோஷத்தில் தோள் உயரத்தில் போட்டு மெக்சிகோவில் அமெரிக்க வீரர் ரிக்கி ஃபவுலர் ஓர் அடி அபராதம் வாங்கினார். ஆனால் தோளிலிருந்து விழுந்தால் பந்து குதித்து ஓடும், மறுபடி போடு, அதுவும் ஓடினால் கையால் வை. அந்தக் கூத்து பெருமளவு குறைந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரு நிமிடம் நடுவர் அவர்களே. மாறாத விதி ஒன்றையும் காட்டிவிட்டுப் போகிறேன். 1968, அமெரிக்காவின் அகஸ்டா, மாஸ்டர்ஸ் போட்டி. அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்சோவுக்கு அன்று 45-ஆவது பிறந்தநாள். 17-ஆவது குழியை 3 அடியில் முடிக்கிறார்; டிவியில் உலகமே பார்க்கிறது. அவருடைய அட்டையை எழுதிய சக வீரர் தவறுதலாக 4 என்று எழுத, இவர் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். பாப் கோல்பியோடு பிளே-ஆஃப் ஆடியிருக்க வேண்டியவர், ஓர் அடியில் தோற்றதாக அறிவித்தார்கள். கையெழுத்திட்ட எண் கூடுதலாக இருந்தால் அந்த எண்ணே நிற்கும் என்ற விதி இன்னும் இருக்கிறது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. அந்த அட்டை உங்கள் கையில் இருந்தால் 3 என்று எழுதுவீர்களா, 4 என்று எழுதுவீர்களா?