கிடாவா, பெட்டையா? தாய் ஆட்டோட உடம்பு போடுற கணக்கு

[காட்சி: மாசி மாசம், கடலூர் பக்கம் அறுவடை முடிஞ்ச வயல்ல ஆட்டுக்கிடை]

விடியக்காலைல ஒரு செம்மறி குட்டி போட்டிருக்கு. நஞ்சுக்கொடி இன்னும் விழல. கிடைக்காரர் குட்டியோட பின்னங்காலைத் தூக்கிப் பார்த்துட்டுச் சொல்றார்: "கிடா!"

கிடாவா பெட்டையாங்கிறது விந்துல வர்ற எக்ஸ், ஒய் குரோமோசோம் விஷயம். காசு சுண்டுற மாதிரிதான். இதுல தாய்க்கு என்ன வேலை?

1973ல ராபர்ட் ட்ரிவர்ஸ், டான் வில்லார்ட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கருத்தைச் சொன்னாங்க. காட்டு ஆடுகள்ல முட்டி ஜெயிக்கிற சில கிடாக்களுக்குத்தான் நிறைய வாரிசு. நோஞ்சான் கிடா கடைசி வரைக்கும் வேடிக்கைதான் பார்க்கும். பெட்டை சுமாரா இருந்தாலும் எப்படியோ குட்டி போட்டுடும். கொழுத்த தாயோட குட்டி பலமா வளரும். அதனால கொழுத்த தாய்க்குக் கிடா லாபம், இளைச்ச தாய்க்குப் பெட்டை லாபம். தாயோட உடம்பும் லாபம் இருக்கிற பக்கமே கொஞ்சம் சாயும்ங்கிறதுதான் அவங்க கருத்து.

[காட்சி: மலைச்சரிவு, வளைஞ்ச கொம்போட பிக்ஹார்ன்ங்கிற காட்டுச் செம்மறிகள்]

கனடா, ஆல்பர்ட்டா மாகாணம், ராம் மலை. இங்க உப்பு வச்சு ஆட்டைப் பட்டிக்குள்ள வரவழைச்சு, எடை போட்டு, அடையாளம் மாட்டி விடுவாங்க. பல பத்து வருஷமா இதே வேலை. மந்தை நெருக்கமா இருந்த வருஷங்கள்ல, கிடாக்குட்டியை வளர்த்த தாயோட அடுத்த குட்டி சாகுறது அதிகமா இருந்துச்சு. கிடா செலவாளிப் பிள்ளை!

ஸ்காட்லாந்துல ரம் தீவுச் செம்மான்கள்ல, கூட்டத்துல கை ஓங்கின தாய்களுக்கு ஆண் குட்டி அதிகம்னு 1984ல எழுதினாங்க. மான் எண்ணிக்கை கூடக் கூட அந்த வித்தியாசம் மறைஞ்சுடுச்சுன்னு 1999ல தெரிஞ்சது. வயித்துக்குப் பத்தாத இடத்துல கணக்கு தப்பிடுது.

உடம்புக்குள்ள எப்படி நடக்குது? குளுக்கோஸ் மேல சந்தேகம் இருக்கு. ஆய்வகத்துல சர்க்கரை கூடுதலா இருந்தா மாட்டோட ஆண் கருக்கள் பெண் கருக்களை முந்துது. அதுக்காகக் கிடா வேணும்னு தீவனத்தைக் கொட்டாதீங்க, கிடா பக்கம் சாயுறது கொஞ்சம்தான். வீட்டு மருமககிட்டயும் இதைக் கொண்டு போகாதீங்க.

இன்னொண்ணு. குட்டி போட்ட அன்னைக்குத் தாயைப் பார்த்துப் பிரயோஜனம் இல்ல. சினை பிடிச்ச சமயத்துல உடம்பு எப்படி இருந்துச்சுன்னு பார்த்த ஆய்வுகள்லதான் இந்தக் கருத்துக்கு நல்ல ஆதரவு. செம்மறிக்கு அஞ்சு மாசச் சினை. பின்னாடி எண்ணினா புரட்டாசி.

கிடைக்காரர்கிட்ட கேட்டேன். "புரட்டாசியா? வயலெல்லாம் நடவு. ரோட்டோரம் கெடைச்சதைக் கடிச்சிக்கிட்டு எலும்பும் தோலுமா நின்னுச்சு."

போட்டது கிடா.