வேலைக்கு வந்த ஊரில் வெள்ளம் வந்தால்

வணக்கம் நேயர்களே.

வேலை நிமித்தம் வன்னிக்கு வந்து தங்கியிருப்பவர்களையும் அவர்களுடைய அயலவர்களையும் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஆசிரியர்கள், தாதியர், வங்கியில் வேலை செய்பவர்கள், வீதி வேலைக்கு வந்த பிள்ளைகள் என்று முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வாடகை வீடுகளில் இருப்பவர்கள் ஏராளம். நானும் அப்படி வந்தவள்தான். வடமராட்சியில் இருந்து இடமாற்றத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். கொண்டுவந்த பெட்டிகளை முழுதாகப் பிரித்து அடுக்கவில்லை, டித்வா புயல் வந்துவிட்டது.

2025 நவம்பர் 28 அன்று இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறிய புயல், தீவின் மேலாக வடக்கு நோக்கி நகர்ந்தது. எங்கள் பக்கத்தில் காற்றைவிட மழைதான் ஆளைக் கலக்கியது. முதலில் மின்சாரம் போனது, பிறகு தொலைபேசியும் போனது.

கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குப் புயல் தெரியும். ஆனால் குளத்து வெள்ளம் வேறு மாதிரி. வன்னியில் தலைக்கு மேலே பெய்கிற மழை மட்டும் வெள்ளமாவதில்லை. எங்கோ மேலே பெய்தது குளத்துக்குக் குளம் இறங்கி, வான் பாய்ந்து, அதாவது குளம் நிரம்பி மிஞ்சின தண்ணீர் வழிந்து, வயலுக்குள்ளும் வீதிக்குள்ளும் வரும். வவுனியாப் பக்கத்து மழையைக் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்குக் கொண்டுவருகிறது. இரணைமடுவில் வான்கதவு திறந்தால் கண்டாவளைப் பக்கத்துச் சனம் சாமான் தூக்க வேண்டியதுதான். அநுராதபுரத்தில் பெய்வதை அருவியாறு மன்னாருக்குக் கொண்டுபோகிறது. அதனால் வானம் வெளித்த பிறகும் தண்ணீர் ஏறும். ‘மழை விட்டிட்டுது, கடைக்குப் போய் வருவம்’ என்று புதிதாக வந்தவர் மோட்டார் சைக்கிளை எடுப்பது அந்த நேரத்தில்தான். தாம்போதியில், அதாவது வெள்ளம் மேலால் பாய்கிற தாழ்ந்த பாலத்தில், முழங்காலளவு தண்ணீர்தானே என்று இறங்காதீர்கள். இழுவை தண்ணீரின் மேல் தெரியாது.

எந்தத் தாம்போதி முதலில் மூடும், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஊர் போய்ச் சேரும், முன்னைய வெள்ளம் எந்த வளவு வரைக்கும் வந்தது என்பதையெல்லாம் வெயில் காலத்திலேயே அயலில் கேட்டு வையுங்கள். கேட்கப் போன சாட்டில் நாலு வீட்டைத் தெரிந்துகொள்வீர்கள். அந்தப் பழக்கம்தான் பிறகு உதவும்.

நான் இருக்கும் வீட்டுக்கார அம்மா அன்று செய்ததைச் சொல்ல வேண்டும். நெல் மூட்டையைத் தொடுமுன் மாட்டுக் கொட்டிலுக்குப் போய்க் கயிறெல்லாவற்றையும் அவிழ்த்தா. “கட்டையில நிக்கிற மாடு தண்ணியில சாகும் பிள்ளை, அவிட்டு விட்டா அது தன்ர மேட்டைத் தேடிப் போயிடும்” என்றா. கன்றுகளை மட்டும் திண்ணைக்கு ஏற்றி, முதுகில் சாக்கைப் போர்த்தி, பக்கத்தில் உமி போட்டுப் புகை மூட்டினா. 2022 டிசம்பரில் குளிரும் காற்றும் சேர்ந்து வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்ததை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. மாடு கன்றைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மா அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றிக் கட்டினா. அந்தப் பொதி ஏற்கனவே ஒரே பையில்தான் இருந்தது. 2009 வரைக்கும் போரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து நடந்த சனம் அல்லவா.

சரி, ஊரார் இவ்வளவு தெரிந்தவர்கள், வந்தவர் என்ன செய்யலாம்? நிறையச் செய்யலாம். முதல் மூன்று நாளும் சமைத்த சாப்பாடும் பாணும் எப்படியும் வந்து சேரும். ஆட்கள் நலன்புரி நிலையத்தில் இருந்து வீடு திரும்பும்போதுதான் உதவி குறையத் தொடங்குகிறது. உங்கள் கை அப்போதுதான் தேவை. வீடு துப்புரவாக்க அரசாங்கம் 25,000 ரூபா அறிவித்தது. அதற்கும் படிவம் வேண்டும், விபரம் வேண்டும். எழுதத் தயங்கும் முதியவர்களுக்குப் பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுப்பது பெரிய உதவி.

உங்கள் பெயரையும் பாருங்கள். வாடகைக்கு இருப்பவருடைய வாக்காளர் பதிவு சொந்த ஊரில் இருக்கும், வெள்ளம் இங்கே வரும். நிவாரணப் பட்டியல் போடும்போது இரண்டு பக்கமும் விடுபட்டுப் போகிற ஆள் அவர்தான். ஊருக்கு வந்த கிழமையே கிராம அலுவலரிடம் குடும்ப விபரமும் தொலைபேசி எண்ணும் கொடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இருக்கிறது. ஆனால் தொடர்பு அறுந்தால், நீங்கள் இந்த ஊரில் இருப்பது யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கிணறு விஷயத்தில் அவசரம் வேண்டாம். வெள்ளம் வடிந்த அன்றே மோட்டாரைப் போட்டு அடிவரைக்கும் இறைக்க எல்லோரும் துடிப்பார்கள். சுற்றியுள்ள மண் ஊறி நிற்கும்போது கிணற்றை வெறுமையாக்கினால் வெளியில் நிற்கிற தண்ணீர் சுவரைத் தள்ளும், கட்டு இடிந்து விழும். நிலத்து நீர் இறங்கட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் குளோரின் போடுங்கள். அதுவரை கொதித்தாறின தண்ணீர்தான். சேற்று வயலில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்தைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு வாங்க வேண்டும். 2024 டிசம்பரில் அந்தக் காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. இன்னொன்று, வெள்ளம் அள்ளிக் கொண்டுவந்து போட்ட இரும்பு எதையும் தொடாதீர்கள். மண்ணுக்குள் கிடந்த பழைய வெடிபொருட்கள் இடம் மாறியிருக்கலாம். பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் இருக்கின்றன. தண்ணீர் முற்றத்தில் நிற்கும்போதே அவர்களுக்குப் பதுளையையும் நுவரெலியாவையும் பற்றித்தான் பயம். அங்கே மண்சரிவு. குளக்கட்டில் ஏறினால் கொஞ்சம் சிக்னல் வரும் என்று யாரோ சொல்ல, மழைக்குள் கட்டு முழுக்கக் குடையாய் நின்றது. என்னுடைய பவர் பாங்க் கை மாறி மாறிப் போனது. பதில் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றார்கள். பிறகு, தங்கள் பாயே காயாத அந்த வீடுகளில் இருந்துதான் அரிசியும் உடுப்பும் சேர்த்து மலையகத்துக்கு அனுப்பினார்கள். இப்படிப்பட்ட சனத்தோடு இருக்கக் கிடைத்ததை நான் பேறாகவே நினைக்கிறேன்.

மேலதிகாரிகளிடம் ஒன்று கேட்கிறேன். வெள்ளம் வடிந்த கையோடு இடமாற்றக் கடிதம் கொடுத்து ஆட்களை உடனே விடுவிக்க வேண்டாம். எந்தப் பிள்ளையின் கொப்பி நனைந்தது, எந்த வீட்டு ஐயாவுக்குச் சிறுநீரக நோய்க்கு இரத்தச் சுத்திகரிப்பு இருக்கிறது, பாதை மூடினால் அவரை வவுனியாவுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதெல்லாம் அங்கே வேலை செய்தவருக்குத்தான் தெரியும். போகத்தான் வேண்டுமென்றால், போகிறவர்கள் இவற்றை ஒரு கொப்பியில் எழுதி, அடுத்து வருகிறவரின் கையில் நேரே கொடுத்து, அந்த ஐயாவின் வீட்டுக்கும் ஒருதரம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுப் போங்கள்.

நன்றி, வணக்கம்.