மேற்கு ஜன்னலில் இருந்து தொடங்குங்கள்

[காட்சி: டைல்ஸ் தரையில் ஜன்னல் கம்பிகளின் நிழல். நடுவே ஒரு வெறுங்கால்.]

நாகர்கோவில். மார்ச் மாதம், சாயங்காலம் நாலு மணி. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் விழும் இடத்தில் கால் வைக்கிறேன், டைல்ஸ் சுடுகிறது. ஒரு அடி தள்ளி நிழலில் வைத்தால் சில்லென்று இருக்கிறது. ஏசி அந்த அறையில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, பாவம்.

ஜன்னலை மாற்றலாம் என்று கடைக்குப் போனால் முதலில் இரட்டைக் கண்ணாடியைக் காட்டுவார்கள். "யு வேல்யூ ரொம்பக் குறைவு சார்" என்பார்கள். வெளிச்சூட்டுக்கும் உள்சூட்டுக்கும் வித்தியாசம் இருக்கும்போது கண்ணாடி வழியே எவ்வளவு வெப்பம் கடக்கும் என்பதுதான் யு வேல்யூ. பனி கொட்டும் ஊரில் அது பெரிய விஷயம். நமக்கு வெளியே 33 டிகிரி, உள்ளே 25. எட்டு டிகிரிதான் வித்தியாசம்.

நம் அறையைச் சூடாக்குவது நேராக உள்ளே நுழையும் வெயில். அதற்கான எண்ணின் பெயர் எஸ்.எச்.ஜி.சி. கண்ணாடியில் விழும் வெயில் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்று அது சொல்லும். சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்கு 0.8-ஐ ஒட்டி இருக்கும். வெயில் தடுக்கும் பூச்சு உள்ள கண்ணாடியில் 0.3-க்கும் கீழே கிடைக்கிறது.

[காட்சி: வெள்ளைத்தாளில் பேனாவால் கணக்கு]

நாலடிக்கு நாலடி ஜன்னல், ஏறக்குறைய ஒன்றரை சதுர மீட்டர். சாயங்கால வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கண்ணாடியில் 600 வாட் உள்ளே வரும். இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்து அறைக்குள் வைத்துவிட்டு ஏசி போடுவது போல. 0.3 கண்ணாடி என்றால் 225 வாட். அந்த எட்டு டிகிரி வித்தியாசத்தால் வருவது? அதே ஒற்றைக் கண்ணாடியில் 70 வாட்தான்! எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும் என்று இந்தத் தாளே சொல்லிவிடுகிறது.

ஒரு ஏமாற்று இருக்கிறது: கறுப்பாக இருந்தால் சூடு வராது என்ற நம்பிக்கை. சாயம் ஏற்றிய கண்ணாடி வெயிலைத் தானே குடித்துச் சூடாகி, அதில் ஒரு பங்கை அறைக்குள் விடும். நிறத்தைப் பார்க்காமல் எண்ணைக் கேளுங்கள். கொட்டேஷனில் எஸ்.எச்.ஜி.சி. எழுதித் தராத கடைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அப்புறம் திசை. "வடக்கு ஜன்னலில் வெயில் வராது" என்பது வடநாட்டுப் பேச்சு. நாம் இருப்பது எட்டு டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் நடுவில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயிலே நமக்கு வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். பெரிய வணிகக் கட்டடங்களுக்கான 2017-ஆம் ஆண்டு மத்திய எரிசக்தி விதியும் இதைக் கணக்கில் எடுத்திருந்தது. 15 டிகிரிக்கு வடக்கே உள்ள ஊர்களில் வடக்கு ஜன்னலுக்கு எஸ்.எச்.ஜி.சி. 0.50 வரை போகலாம் என்றது. நமக்கு எல்லாத் திசைக்கும் 0.27தான் என்றது. ஆனாலும் வடக்கிலும் தெற்கிலும் வெயில் உயரத்தில் நிற்பதால் நல்ல சன்ஷேடு போதும். மேற்கிலும் கிழக்கிலும் வெயில் சாய்ந்து நேரே உள்ளே வரும், அங்கே சன்ஷேடு தோற்றுப்போகும். கையில் பணம் குறைவா? மேற்கு ஜன்னலை மட்டும் மாற்றுங்கள். அதற்கும் இல்லையா? வெளியே ஒரு மூங்கில் தட்டி கட்டுங்கள். உள்ளே போடும் திரை, வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகுதான் அதைப் பிடிக்கிறது.

[காட்சி: பத்மநாபபுரம் அரண்மனை, மரச்சட்ட ஜன்னல்கள்]

தக்கலைப் பக்கம் போனால் இதைப் பாருங்கள். சாய்ந்த மரச்சட்டங்கள் வெயிலை வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. ஏசி இல்லாத வீட்டுக்குக் கண்ணாடியைவிடக் காற்றுதான் முக்கியம். ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும். கீல் வைத்துத் திறக்கும் ஜன்னலில் முழு இடமும் காற்றுக்கு. மூடினால் ரப்பரில் இறுகி உட்காருவதால் ஆனி, ஆடிச் சாரலையும் அதுதான் நன்றாகத் தாங்கும். ஸ்லைடிங்தான் வேண்டுமென்றால், கீழ்த் தண்டவாளத்தில் தண்ணீர் வடியும் துளை இருக்கிறதா பாருங்கள்.

நாள் முழுக்க ஏசி ஓடும் கடை, ஆஸ்பத்திரி, பேங்க் கதை வேறு. அங்கே காற்றுக் கசியாத ஜன்னலும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடியும் போட்ட காசைத் திருப்பித் தரும். ஒன்று மட்டும்: டஃபன்டு கண்ணாடியை (சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி) செய்தபிறகு வெட்ட முடியாது. அளவை இரண்டு தடவை எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து ஜன்னலின் சட்டம், அதாவது ஃபிரேம். பழைய தேக்கு, அயினிச் சட்டம் உறுதியாக இருந்தால் பெயர்க்காதீர்கள், கண்ணாடியை மட்டும் மாற்றலாம். யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) வாங்கினால் ஒரு காந்தத்தைச் சட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

[காட்சி: காந்தம் வெள்ளைச் சட்டத்தில் ஒட்டி நிற்கிறது]

ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது. ஒட்டாவிட்டால் வெறும் குழாய், ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு வளையும். முட்டம், குளச்சல் போலக் கடலோரம் என்றால் கீலும் திருகாணியும் 316 என்ற ரகத் துருப்பிடிக்காத ஸ்டீலில் வேண்டும். முட்டத்தில் என் மாமா வீட்டில் சாதா கீல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இரண்டே வருடத்தில் துருப்பிடித்து, ஜன்னலைத் திறக்கச் சுத்தியல் தேவைப்பட்டது. 304 என்ற இன்னொரு ஸ்டீல் ரகத்துக்கும் 316-க்கும் காந்தம் வித்தியாசம் காட்டாது, பில்லில் எழுதி வாங்குவது ஒன்றே வழி.

மாட்டி முடித்த அன்று கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஜன்னலைச் சாத்தி, ஓரத்தில் ஊதுபத்தியை மெதுவாக நகர்த்துங்கள். புகை ஆடும் இடத்தில் காற்றுக் கசிகிறது. வெளியே நின்று ஒரு வாளித் தண்ணீரையும் வீசிப் பாருங்கள். உள்சுவர் நனைந்தால் ஆளை அனுப்பாதீர்கள்.