நாற்காலி கை தூக்காது

நடுவர் ஐயாவுக்கும், சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைங்க மேட்சை எல்லாம் விட்டுட்டு இங்க வந்து உட்கார்ந்திருக்கிற சிகாகோ வட்டாரத் தமிழ் மக்களுக்கும் வணக்கம்.

தலைப்பை இன்னொரு தடவை சொல்லிடறேன். ஏன்னா எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தம்பி பேசி முடிக்கிறப்ப, தலைப்பு என்னங்கறது எனக்கே மறந்துபோச்சு. 'என்பிஏ டிராஃப்டில் ஆள் எடுக்கப் பெரிதும் கைகொடுப்பது ஆடிய ஆட்டமா, ஆடிக்காட்டும் ஒர்க்-அவுட்டா?' என்பிஏங்கறது அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக். வருஷா வருஷம் புதுப் பசங்களை அதோட டீமுங்க வரிசையா ஒவ்வொருத்தரா எடுக்கிறதுதான் டிராஃப்ட். அதுக்கு முன்னாடி டீம்காரங்க எதிர்ல ஆடிக்காட்டறது ஒர்க்-அவுட். நாங்க ஆடிய ஆட்டத்தோட பக்கம்.

தம்பி ரெண்டு விஷயம் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். ஒண்ணு, 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்'. ரெண்டாவது, ஒர்க்-அவுட்டைப் பார்த்தே எடுத்த பெரிய ஆட்டக்காரர் கோபி பிரயன்ட் கதை. நானும்தான் தட்டினேன். நல்லாத்தான் பேசினார், பாவம், கட்சிதான் தப்பு.

முதல்ல சோத்துக்கு வரேன். கொதிச்சுக்கிட்டிருக்கிற பானையில கரண்டியை விட்டு ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். அது பதம். அந்தப் பருக்கைக்குத் தன்னைத்தான் எடுக்கப்போறாங்கன்னு முன்கூட்டியே தெரியாது. ஒர்க்-அவுட் அப்படியா ஐயா? சீசன் முடிஞ்சதும் ஏஜென்ட் ஒரு ட்ரெய்னரை வெச்சு, வாரக்கணக்கா அந்தப் பையனுக்கு எது வருமோ அதை மட்டும் தேய்ச்சுத் தேய்ச்சு, தனிக் கிண்ணத்துல வேகவெச்சு, மேல நெய்யும் ஊத்தி, 'இதான் சார் எங்க பானை'ன்னு நீட்டற பருக்கை அது. அதைத் தின்னு பார்த்துட்டுப் பானையை விலை பேசினா, வீட்டுக்குப் போய்த் திறந்து பார்க்கும்போது உள்ள குழைஞ்சிருக்கும்.

வருஷா வருஷம் மே மாசம் நம்ம ஊர்லயே இது நடக்குது. கம்பைன்னு பேரு. இல்லினாய்ஸ் சோளக்காட்டுல ஓடுற அறுவடை மெஷினுக்கும் அதே பேருதான். பசங்களை வரிசையா நிறுத்தி, ஷூவைக் கழட்டச் சொல்லி உயரம் எடுப்பாங்க. ரெண்டு கையையும் விரிக்கச் சொல்லி இந்த விரல் நுனியிலேர்ந்து அந்த விரல் நுனி வரைக்கும் அளப்பாங்க, அது விங்ஸ்பேன். உள்ளங்கை அகலம் எவ்வளவு, நின்ன இடத்துலேர்ந்து எவ்வளவு குதிக்கிறான், ஓடிவந்து எவ்வளவு குதிக்கிறான், கோர்ட்ல முக்கால்வாசி தூரத்தை எத்தனை செகண்டுல ஓடறான். நம்ம ஊர்ல டெய்லர் ஜாக்கெட்டுக்குக்கூட இத்தனை அளவு எடுக்க மாட்டார்.

2007ல இந்தக் கம்பைன்ல ஒரு பையன். அப்ப அது ஆர்லாண்டோவுல நடந்துச்சு. பெஞ்சுல படுக்கவெச்சு 185 பவுண்டு, நம்ம கணக்குல 84 கிலோ, அந்த வெயிட்டைத் தூக்கச் சொன்னாங்க. எத்தனை தடவை தூக்கினான்? ஒரு தடவைகூட இல்லை. பூஜ்யம். ஒர்க்-அவுட் கட்சிக்காரங்க கையில பேப்பர் இருந்திருந்தா அவனை அன்னிக்கே ஊருக்கு அனுப்பியிருப்பாங்க. அவன் பேரு கெவின் டுரான்ட். டெக்சஸ் பல்கலைக்கழகத்துல ஆடின ஒரே வருஷத்துல ஆட்டத்துக்கு சராசரி 25.8 பாயின்ட் எடுத்தவன். சியாட்டில் டீம் அந்த ஆட்டத்தைப் பார்த்துச்சு, பெஞ்சைப் பார்க்கலை. 2வது ஆளா எடுத்துச்சு. அப்புறம் 4 தடவை லீக்லயே அதிகப் பாயின்ட், 2014ல எம்விபி, அதாவது அந்த சீசனோட சிறந்த ஆட்டக்காரர். மேட்ச் நடுவுல யாரும் கோர்ட்ல பெஞ்சைப் போட்டு 'தம்பி, கொஞ்சம் படு'ன்னு சொல்றதில்லையே!

எங்க தாத்தா மாட்டுச் சந்தைக்குப் போவார். சின்ன வயசுல நானும் கூடப் போயிருக்கேன். மாட்டோட வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், நெத்தியில சுழி பார்ப்பார், தோள்ல கையால ஒரு தட்டு தட்டுவார். தரகர் துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவார். எல்லாம் சரி. ஆனா பக்கத்துத் தரிசுல இன்னொரு மாட்டோட ஜோடி சேர்த்துப் பூட்டி, ஒரு சால் ஓட்டிக் காட்டாம மடியில இருக்கிற பணத்தை அவிழ்க்கவே மாட்டார். 'தனியா நிக்கிறப்ப எல்லா மாடும் ராஜாதான். ஜோடி மாட்டோட நடக்குதான்னு பாரு'ம்பார். எங்க தாத்தாவுக்கு என்பிஏன்னா என்னன்னு தெரியாது. பல்லைப் பார்க்கிறதுக்கும் ஏர் ஓட்டிப் பார்க்கிறதுக்கும் வித்தியாசம் தெரியும்.

கம்பைன் முடிஞ்சா அடுத்தது டீம் டீமா ஒர்க்-அவுட். இன்னிக்கு மெம்ஃபிஸ், நாளைக்கு விமானம் ஏறி சாக்ரமென்டோ. பெரும்பாலும் ஆறு பேரைக் கூப்பிடுவாங்க, மூணுக்கு மூணு ஆடவிடுவாங்க. கதவு சாத்தியிருக்கும். ஆனா முதல் வரிசையில எடுக்கப்படற பையனோட ஏஜென்ட் என்ன சொல்வார்? 'என் பையன் தனியாத்தான் ஆடிக்காட்டுவான். எதிர்ல ஆள் நிறுத்தாதீங்க.' ஆள் நின்னா ஏதாவது ஒரு ஷாட் தவறிடும், விலை குறைஞ்சிடும்.

அதே 2007ல சீனாவுலேர்ந்து யி ஜியான்லியன் வந்தார். ஏழடி உயரம். லாஸ் ஏஞ்சலஸ்ல தனி ஒர்க்-அவுட். எதிர்ல டிஃபென்ஸ் ஆட யாரு தெரியுமா? ஒரு நாற்காலி. நடுவர் ஐயா உட்கார்ந்திருக்கீங்களே, அந்த மாதிரி ஒண்ணு. யி அந்த நாற்காலியைச் சுத்திப் போனார், அதுக்கு மேல எம்பி ஷாட் போட்டார், பிரமாதமா ஜெயிச்சார். மில்வாக்கி 6வது ஆளா எடுத்துச்சு. ஒரே சீசன், அடுத்த வருஷமே வேற டீமுக்குக் கைமாத்தி விட்டுட்டாங்க. அஞ்சு சீசன்ல என்பிஏ வாழ்க்கை முடிஞ்சுபோச்சு. நான் அந்த மனுஷனைக் குறை சொல்லலை, சீன லீக்ல கோப்பை மேல கோப்பை வாங்கினவர். அங்கே அவர் ஆடின ஆட்டம் எல்லாம் பார்க்கக் கிடைச்சுது. அதை விட்டுட்டு நாற்காலியை ஜெயிச்சதை வெச்சு ஒருத்தரை ஏன் எடைபோடணும்? நாற்காலி கை தூக்காது ஐயா. நாற்காலி பந்தைத் தட்டிப் பிடுங்காது. காதுகிட்ட வந்து 'போடு பார்க்கலாம்'னு சீண்டாது.

இப்ப கோபி. தம்பி சொன்ன கதை நூத்துக்கு நூறு உண்மை. 1996, பையனுக்கு 17 வயசு, பள்ளிக்கூடத்துலேர்ந்து நேரா வர்றான். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் டீமோட மேனேஜர் ஜெர்ரி வெஸ்ட் ஒர்க்-அவுட் வெச்சார். கொஞ்ச நேரம் பார்த்துட்டு 'போதும்'னு எழுந்துட்டார். அப்புறம் ஷார்லட் டீம் 13வதா எடுத்த அந்தப் பையனுக்காக, தன் டீம்ல இருந்த விளாடே டிவாட்ஸைக் கொடுத்து வாங்கினார். கைதட்டினீங்களே, தம்பி ஒரு விஷயத்தை மட்டும் விழுங்கிட்டார். அந்த ஜிம்ல கோபிக்கு எதிர்ல நின்னது யாரு? மைக்கேல் கூப்பர். வயசு 40, ஓய்வு பெற்றவர்தான். ஆனா 1987ல லீக்லயே சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர்னு பேரு வாங்கினவர். அவ்வளவு பெரிய ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி, 'இவனைத் தடு'ன்னு சொல்லி, அந்தப் பையன் என்ன பண்றான்னு பார்த்தார் வெஸ்ட். அதுக்குப் பேரு என்ன? ஆட்டம்! தம்பி ரொம்ப நன்றி, எங்க கட்சிக்கு இருக்கிறதுலயே பெரிய சாட்சியை உங்க செலவுல கூட்டிட்டு வந்துட்டீங்க.

2003ஐப் பத்தி நான் ரொம்பப் பேசலை, டெட்ராய்ட்காரங்க யாராவது சபையில இருந்தா மனசு கஷ்டப்படும். அந்த டிராஃப்ட்ல முதல் ஆளாப் போன லெப்ரான் ஜேம்ஸுக்கு அடுத்து, 2வதா எடுக்கிற வாய்ப்பு அவங்களுக்கு. ஒர்க்-அவுட்ல பார்த்தவங்க வாயைப் பிளந்த டார்க்கோ மிலிசிச்சை எடுத்தாங்க. அந்த வருஷம்தான் சிரக்யூஸுக்குக் கல்லூரிக் கோப்பையை வாங்கிக் கொடுத்திருந்த கார்மெலோ ஆன்டனி 3வதாப் போனார். அடுத்து கிறிஸ் பாஷ், அடுத்து டுவெய்ன் வேட். மூணு பேரும் இன்னிக்கு பாஸ்கெட்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம்ல. போதும்.

இதெல்லாம் பெரிய இடத்துக் கதை. எங்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்றேன், என் பையன் இங்க இல்லைங்கற தைரியத்துல.

போன வருஷம் அவனுக்கு 13 வயசு. ஊர் ஊராப் போய் ஆடற ஒரு டிராவல் டீமுக்கு ட்ரை-அவுட், அதாவது ஆள் தேர்வு. முதுகுல 47ன்னு நம்பர் எழுதின பேப்பரை நான்தான் நாலு ஊக்கு குத்தி மாட்டிவிட்டேன். கோச் கையில அட்டை வெச்சுக்கிட்டு நிக்கிறார். கூம்பு கூம்பா வெச்சிருந்தாங்க. என் பையன் அதுக்கு நடுவுல பாம்பு மாதிரி நெளிஞ்சு ஓடறான், லே-அப் எல்லாம் உள்ள விழுது. எனக்கே நம்ப முடியலை, வீட்டுல குப்பையை எடுத்துட்டுப் போகச் சொன்னா வாசல்படியில தடுக்கி விழறவன் இவன்தானான்னு. பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தனும் வந்திருந்தான், குள்ளமா இருப்பான், ஷூ லேஸ் அவிழ்ந்தே இருக்கும். அவன் கூம்பைத் தட்டிவிட்டான். ராத்திரி ஈமெயில் வந்துச்சு. என் பையன் உள்ள, அந்தப் பையன் வெளிய.

முதல் மேட்ச். பந்து என் பையன் கைக்கு வந்துச்சு. எதிர் டீம்லேர்ந்து ஒருத்தன் கையை விரிச்சுக்கிட்டு வந்தான். நம்மாளு என்ன பண்ணினான்? பந்தை அவன்கிட்டயே கொடுத்துட்டான்! தட்டிப் பறிக்கலைங்க, மரியாதையாக் கொடுத்தான், கல்யாண வீட்டுல தாம்பூலம் கொடுக்கிற மாதிரி. கார்ல வரும்போது 'ஏன்டா கண்ணா?'ன்னு கேட்டேன். 'அம்மா, கூம்பு எதுவும் ஓடி வராதும்மா'ங்கறான். அந்த சீசன் பூரா பெஞ்சுல உட்கார்ந்தான். நான் மாசாமாசம் ஃபீஸ் கட்டினேன். ஜனவரியில வேறொரு டீமோட மேட்ச். அந்த டீம்ல பந்தை எடுத்துட்டு வர்றது யாரு? அந்த லேஸ் அவிழ்ந்த பையன். தலையைத் தூக்கி, யாரு ஃப்ரீயா நிக்கிறாங்கன்னு பார்த்துப் பார்த்துப் பாஸ் கொடுக்கிறான். எங்க டீமை 20 பாயின்ட்ல தோக்கடிச்சான். பாஸ் எப்ப கொடுக்கணும்கறதை எந்தக் கூம்பை வெச்சு அளப்பீங்க?

எதிரணித் தலைவர் அண்ணன் ஏதோ குறிச்சுக்கிறார். அவர் அடுத்து என்ன கேட்பார்னு எனக்குத் தெரியும். 'எல்லாப் பையனும் டெக்சஸ்லயா ஆடறான்? எங்கேயோ மூலையில ஆடறவனுக்கு ஒர்க்-அவுட்தானே வாசல்?' நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் ஏதென்ஸ்ல இருக்கு. கிரீஸ் நாட்டு இரண்டாம் டிவிஷன்ல ஒரு ஒல்லிப் பையன் ஆடிக்கிட்டிருந்தான். அமெரிக்காவுலேர்ந்து ஸ்கவுட்டுங்க, அதான் டீமுக்கு ஆள் தேடறவங்க, விமானம் ஏறிப் போனாங்க, அந்தச் சின்ன ஜிம்லயே உட்கார்ந்து அவன் ஆடறதைப் பார்த்தாங்க. 2013ல மில்வாக்கி 15வதா எடுத்துச்சு. 2021 இறுதிப் போட்டியோட கடைசி மேட்ச்ல 50 பாயின்ட் போட்டுக் கோப்பையை வாங்கிக் கொடுத்தான். அவன்தான் யானிஸ் அன்டெட்டோகூன்போ. நாற்காலியை நம்பி எடுத்த அதே மில்வாக்கிதான் ஐயா. அவங்களும் கத்துக்கிட்டாங்க.

நம்ம நாட்டு சத்னாம் சிங்கையும் சொல்லாம விடமாட்டேன். பஞ்சாப்ல ஒரு சின்னக் கிராமம். 7 அடி 2 அங்குலம். 2010ல ஃபுளோரிடாவுல ஒரு பயிற்சி அகாடமிக்கு வந்தார், 2015ல டாலஸ் 52வதா எடுத்துச்சு. என்பிஏ டிராஃப்ட்ல எடுக்கப்பட்ட முதல் இந்தியர். அன்னிக்கு நம்ம வீட்டுல எல்லாம் பாயசம்தான். ஆனா என்பிஏவுல ஒரு சீசன் மேட்ச்கூட அவரால ஆட முடியலை. உயரத்துக்கு என்ன குறை? அளந்த அளவுல என்ன குறை? மத்தவன் கல்லூரியில ராத்திரிக்கு ராத்திரி 40 நிமிஷம் ஆடி, அடி வாங்கி, தோத்துக் கத்துக்கிட்டு வர்றான். அந்தக் கல்லூரி ஆட்டம் எதுவும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஆளை அளந்தாச்சு, ஆட்டம் இல்லை. எனக்கு இன்னிக்கும் அதுல வருத்தம் உண்டு.

மருத்துவப் பரிசோதனை வேண்டாமான்னு கேட்டா, வேணும். முட்டியில எக்ஸ்ரே எடுக்கட்டும், அதுல எங்களுக்குச் சண்டையே இல்லை. ஆனா தலைப்பு 'பெரிதும் கைகொடுப்பது' எதுன்னு கேட்குது. 2023ல முதல் ஆளா யாரை எடுத்தாங்க? விக்டர் வெம்பன்யாமா. மே மாசம் எல்லாப் பையனும் சிகாகோவுல கையை விரிச்சு அளவு கொடுத்துக்கிட்டிருந்தப்ப அவர் பிரான்ஸ்ல மேட்ச் ஆடிக்கிட்டிருந்தார். ஜூன் நடுவுல லீக் இறுதிப் போட்டி, மொனாக்கோகிட்ட தோத்தார். அடுத்த வாரமே டிராஃப்ட், சான் அன்டோனியோ முதல் பேரா அவரைக் கூப்பிட்டுச்சு. ஒர்க்-அவுட்டும் இல்லை, கூம்பும் இல்லை. தோத்த மேட்சைப் பார்த்துக்கூட எடுத்தாங்க.

நடுவர் ஐயா மணி மேல கையை வெச்சுட்டார். ஒரே ஒரு வேண்டுகோள்.

எதிரணித் தலைவர் அண்ணன் சாஃப்ட்வேர் கம்பெனியில இன்டர்வியூ எடுக்கிறவர். 'ஒரு மணி நேரத்துல எந்த ஆளையும் எடைபோட்டுருவேன்'னு சாப்பாட்டுப் பந்தியில என்கிட்டயே சொன்னார். இப்ப அவர் பேச வருவார். எங்க அணியில நாங்க மூணு பேரும் எழுந்து கீழே போயிடறோம். அவருக்கு எதிர்ல எங்க நாற்காலி மூணையும் அப்படியே விட்டுட்டுப் போறோம். அதுங்ககிட்ட அவர் பேசட்டும், கட்டாயம் ஜெயிச்சுருவார். அப்புறம் நாங்க மேல வந்து உட்கார்ந்துக்கறோம், அவர் முதல்லேர்ந்து ஆரம்பிக்கட்டும்.

நன்றி, வணக்கம்.