ஆத்திரக்காரர் யார்?

(திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலில் பெற்றோர் ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களே, புறநோயாளிகளை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கும் குழந்தைநல மருத்துவர் அம்மையார் அவர்களே, வாடகை வாங்காமல் இம்மண்டபத்தைத் திறந்துவிட்ட அரிசி ஆலை அதிபர் அவர்களே, எல்லாருக்கும் மேலாகப் பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். யார் பெயரையேனும் விட்டிருந்தால் வயதைக் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன், மருத்துவன் அல்லன். தவறாக ஏதும் சொன்னால் இருமிக் காட்டும்படி மருத்துவரிடம் முன்பே சொல்லிவைத்திருக்கிறேன்.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டைக் கண்டறிவது எப்படி, அதற்கு மருத்துவம் என்ன, பள்ளிக்கூடம் செய்ய வேண்டியது என்ன என்று மூன்று செய்திகளைப் பேச வந்தேன். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்பது நம் பக்கத்துப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வது. இதில் ஆத்திரம் என்பது கோபமன்று. "ஆத்திர அவசரத்துக்கு" என்கிறோமே, அந்த அவசரம். வரிசையில் நிற்க முடியாத, கேள்வி முடியுமுன் விடை சொல்லிவிடுகிற பிள்ளையைப் பார்த்து இதைச் சொல்கிறோம். யாரைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பதற்கு என் கதையே சான்று.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்து பிரம்பைத் தடை செய்த பின்னும் என் மேசை அறைக்குள் ஒரு பிரம்பு இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அப்போது நாலாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். இடத்தில் இருப்புக் கொள்ளாது. எழுந்து போய்ப் பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்ப்பான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பேசினால் மூன்று வகுப்புக்குக் கேட்கும். வீட்டில் பீடித் தட்டைத் தட்டிவிட்டுத் தூளையெல்லாம் முற்றத்தில் கொட்டியிருக்கிறான். கோவில் கொடை விழாவில் மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. பத்திரிகையில் ஒரு கட்டுரையைப் படித்திருந்த நான், அவன் தாயை அழைத்து, "அம்மா, இது ஏ.டி.எச்.டி." என்றேன். அந்த அம்மாள் திகைத்துப்போய், "எட்டடியா சார்? நேத்துதான் பத்தடி வாங்குனான், போதாதா?" என்று கேட்டார். நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை; அந்தப் பத்தடியை அடித்தவன் நான்தான்.

ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பேருந்து மாறி, பாளையங்கோட்டைக்கு அவனைக் கூட்டிப்போனார். அங்கிருந்த மருத்துவர் முதலில் செய்தது காதில் விளக்கடித்துப் பார்த்ததுதான். இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை, நாள்பட்ட சீழ். பையனுக்குப் பாதிப் பாடம் காதில் விழவேயில்லை. விழாததால் எழுந்து பார்த்தான். காது சரியாகக் கேட்காததால் கத்தினான். நூறாண்டுக்கு மேலாகக் காதுகேளாதோர் பள்ளி நடக்கும் பாளையங்கோட்டைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, காதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

கதை அதோடு முடியவில்லை. ஆசிரியர் நிரப்பித் தர வேண்டுமென்று மருத்துவர் ஒரு வினாப்படிவமும் கொடுத்தனுப்பியிருந்தார். பொருள்களைத் தொலைக்கிறதா, தொடங்கிய வேலையை முடிக்காமல் விடுகிறதா, நேரே பேசினாலும் கேளாததுபோல் இருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். பையனை நினைத்து நிரப்பத் தொடங்கிய எனக்கு, ஐந்தாவது கேள்வியில் சன்னலோரம் உட்காரும் ஒரு பெண்பிள்ளையின் முகம் வந்து நின்றது. சத்தமே போடாதவள். "அமைதியானவள், இன்னும் முயல வேண்டும்" என்று மூன்று ஆண்டாக நான் எழுதி வந்தேன். ஓடியாடாமல் கவனம் மட்டும் சிதறும் வகையும் இதில் உண்டென்பதும், பெண்பிள்ளைகள் பெரும்பாலும் அதனால்தான் கண்ணில் படாமல் போகிறார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தன.

இரத்தச் சோதனையோ ஸ்கேனோ இக்குறைபாட்டைக் காட்டித்தராது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, கவனக்குறைவுக்கு ஒன்பதும் துடிப்பு மிகுதிக்கு ஒன்பதுமாக உள்ள அறிகுறிகளில், ஏதேனும் ஒரு பிரிவில் குறைந்தது ஆறு அறிகுறிகள் ஆறு மாதமேனும் நீடிக்க வேண்டும். அவற்றுள் சில பன்னிரண்டு வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது காணப்பட்டு, பிள்ளையின் அன்றாடத்தைக் கெடுத்திருக்க வேண்டும். காது, கண், உறக்கம், இரத்தசோகை, கண நேரம் நினைவு தப்பும் வலிப்பு, கற்றல் குறைபாடு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் ஒருவர் பெயர் சூட்டினால், அவர் எவ்வளவு படித்தவரானாலும், அந்தப் பழமொழியை நினைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் 1902-இல் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய ஜார்ஜ் ஸ்டில் என்ற பெரிய மருத்துவரே இதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையாகத்தான் கண்டார். எங்களைப் போன்ற வாத்தியார்கள் எம்மாத்திரம்?

மருத்துவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதலில் மாத்திரையன்று, பெற்றோருக்குப் பயிற்சிதான்: ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்வது, செய்தவுடன் பாராட்டுவது. ஆறு வயதுக்கு மேல், தேவைப்பட்டால் மீதைல்ஃபெனிடேட் போன்ற மருந்தும் சேரும். அது குறைபாட்டை வேரோடு பிடுங்குவதில்லை. உடலில் இருக்கும் நேரம் கவனத்துக்கு ஊன்றுகோலாகிறது. பசியும் உறக்கமும் குறையலாம் என்பதால் எடை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் பார்த்துவர வேண்டும். சன்னலோரத்துப் பெண்பிள்ளைக்கும் இம்மருந்து தொடங்கிய பின், அவள் தாய், "மத்தியானம் முட்டையத் திங்க மாட்டேங்கா சார்" என்று வந்து நின்றார். மருத்துவர் அளவை மாற்றிக் கொடுத்தார். மாற்றிய பின்னும் பார்க்க வேண்டுமே, மறுபடி இரண்டு பேருந்து, மறுபடி ஒரு நாள் கூலி.

இங்கேதான் என் நெடுநாள் கோரிக்கைக்கு வருகிறேன். ஒவ்வொரு மேடையிலும் இதைத்தான் பேசுகிறேன் என்று செயலாளர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற நடுவண் அரசின் குழந்தைநலத் திட்டம் 2013-இலேயே வந்தது. அதன் பட்டியலில் இக்குறைபாடும் இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் பின்தொடர வேண்டிய ஒரு குறைபாட்டுக்குத் தாய் மாதக்கணக்கில் கூலியை இழக்க முடியுமா? வட்ட அளவிலான அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும், வாரத்தில் ஒரு நாள், ஒரு குழந்தைநல மருத்துவரும் ஓர் உளவியலாளரும் அமர வேண்டும். நான் கேட்பது புதுக் கட்டடமன்று. ஓர் அறையும் இரண்டு நாற்காலியும்தான்.

பள்ளிக்கூடம் செய்ய வேண்டியதைப் பேசுமுன் தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். முன்வரிசையில் உட்காரவைப்பதும் நீண்ட பாடத்தை இரண்டாகப் பிரிப்பதும் உதவும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கோரிக்கை மனு வெளியே வேப்பமரத்தடி மேசையில் இருக்கிறது. பேனா இரண்டுதான், கையெழுத்து வராதவர்களுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம். தாய்மார்கள் முதலில் போடட்டும், மேடையில் இருப்பவர்கள் பிறகு. ஆத்திரப்படாமல் வரிசையில் வாருங்கள். வணக்கம்.