சோலை வாசலில் பதினோரு பேர்

கோத்தகிரி நண்பர்களுக்கு வணக்கம். ‘அரிய பறவைகளைத் தேடி அலைகிறவர்’ என்று தலைவர் என்னை அறிமுகப்படுத்தினார். அலைகிறேன் என்பது உண்மைதான். அதில் எனக்குப் பெருமை எவ்வளவு, கூச்சம் எவ்வளவு என்பதை இன்று மனம்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஜனவரியில் கோவையில் என் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். தாம்பூலம் மாற்றி முடித்துப் பந்தியில் இலை போடுகிற நேரம் கைப்பேசியில் ஒரு செய்தி: உதகைப் பக்கம் ஒரு சோலையில் வுட்காக் என்கிற பறவை வந்திருக்கிறது. தமிழில் நான் காட்டு உள்ளான் என்று சொல்வேன். எந்தச் சோலை என்று மட்டும் கேட்காதீர்கள். (சிரிப்பு) சாப்பிடாமல் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன். அண்ணி இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

போய்ச் சேர்ந்தபோது சோலையின் ஓரத்தில் எனக்கு முன்பே பத்துப் பேர். முக்காலிகள், முழங்கை நீளத்துக்கு லென்சுகள். கீழே ஓர் ஓடை, அதன் கரையில் சேறு. காட்டு உள்ளான் பகலெல்லாம் சருகுக்குள் சருகாகக் கிடந்துவிட்டு, அந்தி மங்கியதும் சேற்றில் நீண்ட அலகைக் குத்தி மண்புழு தேடும். கண்கள் தலையில் பின்தள்ளி இருப்பதால் குனிந்தபடியே தன் முதுகுப் பக்கத்தையும் பார்க்கும். எங்கள் பதினோரு பேரையும் அது பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். ஒருவர் இன்னும் நல்ல கோணம் வேண்டும் என்று சேற்றில் கால் வைத்தார். தரையிலிருந்த சருகு ஒன்று எழுந்து பறந்தது. இரண்டு நொடி இருக்கும். அவ்வளவுதான்.

அந்த இரண்டு நொடியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைத்துப் பேச எனக்கு மனம் இல்லை. டார்ச் அடித்துத் திரும்பும்போதுதான் சேற்றைப் பார்த்தேன். அந்தப் பறவை இரை தேடும் இடமெல்லாம் பூட்ஸ் தடம். அதில் என் தடமும் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே மலையில் வெள்ளைக்காரர்கள் நாய்களை விட்டுக் கிளப்பி இந்தப் பறவையைச் சுட்டார்கள். நாம் சுடுவதில்லை. ஆனால் ‘உனக்குக் கிடைத்ததா?’ என்று அவர்கள் கேட்ட கேள்வியைத்தான் நாமும் கேட்கிறோம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஐரோப்பாவில் காட்டு உள்ளானைப் பார்த்தவர் யாரும் ஊரைக் கூட்ட மாட்டார். உங்கள் வீட்டுக்குப் பின்னால் கூவும் சோலைக்கிளியைப் பார்க்கத்தான் அவர்கள் கடல் தாண்டி வருகிறார்கள். பெயரில்தான் கிளி, ஆள் ஒரு சின்னப் பாட்டுக்காரப் பறவை. நீலச் சாம்பல் உடல், விலாவில் துருச் சிவப்பு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே சில மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பழனி மலையில் இருப்பது இதன் வெள்ளை வயிற்று உறவு. 2017-இல் இவற்றுக்கென்று புதுப் பேரினம் வகுத்த ஆய்வாளர்கள், சோலை என்கிற நம் சொல்லிலிருந்தே ‘ஷோலிகோலா’ என்று பெயர் எடுத்தார்கள். அந்தப் பறவைக்காக நான் எந்தப் பந்தியையும் விட்டு எழுந்ததில்லை.

ஒருமுறை ஒருவர் கைப்பேசியில் சோலைக்கிளியின் பாட்டை ஒலிக்கவிட்டார். பாசி படிந்த வேர் மேல் வந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, அந்தக் கைப்பேசியோடு அது சண்டை போட்டது. எல்லையைப் பறிக்க எவனோ வந்துவிட்டான் என்கிற பதற்றம். நாங்கள் படம் எடுத்தோம். படம் அருமையாக வந்தது. இன்று அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை.

‘இனி இடத்தைச் சொல்லாமல் விட்டுவிடுங்கள்’ என்கிறார்கள். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அன்று ஒருவர் சொன்னதால்தானே நான் பார்த்தேன்? பார்த்து முடித்தவன் கதவைச் சாத்துவதில் கொஞ்சம் கஞ்சத்தனமும் இருக்கிறது. பூட்டு சரி, சாவி யாரிடம் இருப்பது என்பதில்தான் எனக்குத் தெளிவில்லை. மறுபடி செய்தி வந்தால் போவேனா என்று கேட்டால், போவேன். சேற்றுக்கு இருபது அடி தள்ளி நிற்பேன்.

நாளைக் காலை ஆறு மணிக்கு லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2024-இல் சேர்ந்த இடம். வனத்துறை அனுமதி வாங்கியாயிற்று. அரிய பறவை எதையும் காட்டுவதாக நான் வாக்குக் கொடுக்கவில்லை. கம்பளிக் குல்லாய் கொண்டு வாருங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள், என்னுடையதையும் யாராவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.