மீட்டரில் ஏறாத தண்ணீர்

நடுவர் அவர்களே, வணக்கம். நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் ஓடைக்குச் செய்யும் சேதம் சரிசெய்யக் கூடியதா, இல்லையா என்பதுதான் தலைப்பு. 'இல்லவே இல்லை' என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் சுரங்கம் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது, எவ்வளவை மறுசுழற்சி செய்கிறது என்று அழகாகக் கணக்குச் சொன்னார். சரி, ஒத்துக்கொள்கிறேன். தூசி அடங்கத் தெளிப்பது, நிலக்கரி கழுவுவது எல்லாம் குழாயில் போகிறது, மீட்டரும் ஓடுகிறது. ஆனால் ஓடை வற்றுவது அந்தக் குழாயாலா?

லாங்வால் முறையில் 300 மீட்டர் அகலத்துக்கு, சில கிலோமீட்டர் நீளத்துக்கு நிலக்கரியை மொத்தமாக வழித்தெடுத்துக்கொண்டே போவார்கள். கூரையைத் தாங்கும் ஹைட்ராலிக் தாங்கிகள் எந்திரத்தோடு முன்னால் நகர, பின்னால் கூரை இடிந்து விழும். விபத்தில்லை அய்யா, திட்டமே அதுதான்! அதற்கு மேலே பாறை விரிசல் விடும், தரை இறங்கும், பள்ளத்தாக்கில் இரு கரைகளும் உள்ளே நெருங்கி நடுவிலிருக்கும் ஓடைப்படுகை உப்பி வெடிக்கும், ஓடுகிற தண்ணீர் அந்த வெடிப்பில் இறங்கிவிடும். அப்புறம், சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்க இறைக்க நிலத்தடி நீர்மட்டம் கீழே போகிறது. மழையில்லாத மாதங்களில் ஊற்றாகச் சுரந்து ஓடையைக் காப்பாற்றிய நிலம், ஓடையிடமிருந்தே உறிஞ்ச ஆரம்பிக்கிறது. இதை எந்த மீட்டர் அளக்கிறது?

"அவ்வளவு ஆழத்தில் வெட்டினால் மேலே என்ன ஆகப்போகிறது" என்று கேட்டார் எதிரணிச் சகோதரி. சிட்னிக்குத் தெற்கே வரட்டா ரிவுலெட் என்று ஓர் ஓடை, வொரோனோரா அணைக்கு நீர் கொண்டுபோவது. அதன் அடியில் லாங்வால் ஓட்டியதும் பாறைப்படுகை வெடித்தது, குட்டைகள் வற்றின, கீழே போய் மறுபடி வெளிவந்த நீர் இரும்புக் கறையோடு செம்பழுப்பாக வந்தது. இத்தனைக்கும் அது பாதுகாக்கப்பட்ட நீர்ப்பிடிப்புப் பகுதி. அனுமதியில்லாமல் காலால் நடந்து உள்ளே போனால் அபராதம், அடியில் குடைந்து போனால் உரிமம்!

விரிசலில் பாலியூரித்தேன் பிசினைச் செலுத்தி அடைக்கலாமாம். அதே ஓடையில் அடைத்தும் பார்த்தார்கள். ஒரு குட்டையில் தண்ணீர் நிற்க அது உதவலாம், ஆனால் கண்ணுக்குத் தெரியாத பாறை விரிசல்களையும் இறங்கிப்போன நீர்மட்டத்தையும் எந்தப் பிசினால் ஒட்டுவது?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுரங்கத்தால் வீட்டுக் கிணறு கெட்டால் நிறுவனம் மாற்று நீர் தர வேண்டும். நல்ல சட்டம்தான், வீட்டுக்குக் குழாய் போடலாம். ஓடைக்கு? அங்கே ஓடைக்கும் பம்பு வைத்து நீர் விட்டுத்தான் பார்க்கிறார்கள். போலன் ரன் என்ற ஓடை கெடும் என்று தெரிந்தே, பிறகு படுகைக்கு உறை போட்டுக் கட்டித் தருகிறோம் என்ற திட்டத்தோடு வாங்கிய அனுமதி சட்டப்படி செல்லாது என்று 2017ல் அந்த மாநிலச் சுற்றுச்சூழல் விசாரணை வாரியம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் கட்சியும் அதுதான்.

சுரங்கத்தையே மூடு என்று நாங்கள் சொல்லவில்லை, வேலைவாய்ப்பைக் காட்டி மிரட்டவும் வேண்டாம். ஓடைக்கு அடியில் மட்டும் லாங்வாலை நிறுத்துங்கள், அங்கே போதுமான அளவு நிலக்கரியைத் தூணாக விட்டுவிடுங்கள் என்கிறோம். கிடைக்கும் நிலக்கரி குறையும், உண்மை. அந்தக் குறைவை நிறுவனம் ஏன் ஏற்கக் கூடாது என்று அடுத்து வருபவர் சொல்லட்டும், நடுவர் அவர்களே.